கடலுக்குக் கீழும் மீசைக்குக் கீழும்

கடலுக்குக் கீழே போய்ப் பார்த்தே தீருவது என்று ஐம்பதைத் தாண்டிய பிறகுதான் பிரகலாதன் முடிவெடுத்தார். துறைமுகத்துப் பக்கம் ஒரு கந்தோரில் யன்னலோரக் கதிரை அவருடையது. வேலைக்குச் சேர்ந்த நாள் தொட்டுக் கடலின் மேற்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே கோப்புகளில் கையெழுத்து வைத்தவர். கீழ்ப்பக்கம் எப்படி இருக்கும் என்ற கேள்வி ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்து உட்கார்ந்தது. அதற்குப் பிறகு எழும்பிப் போக மறுத்துவிட்டது. இறக்கக்கண்டிக் கரைக்கு நேரே கடலடியில் ஒரு பழைய கப்பல் கிடக்கிறது, அதற்குள் மீன்கள் குடியிருக்கின்றன என்று யாரோ சொல்ல, மனிதர் நித்திரையிலும் நீந்தத் தொடங்கினார்.

மனைவி ஜெயரூபி தடுக்கவில்லை. தானும் கடற்கரைக்கு வருவதாகச் சொல்லிப் புட்டும் மீன்குழம்பும் கட்டினாள்.

அவளுக்கும் ஒரு கேள்வி இருந்தது. அது கலியாணமான நாளிலிருந்து இருப்பது. இந்த மனிதரின் மீசைக்குக் கீழே என்ன இருக்கிறது? பெண் பார்க்க வந்த அன்றே அது இரண்டு கன்னத்தையும் தொட்டுக்கொண்டு நின்றது. மேலுதடு என்று ஒன்று இருப்பதற்குச் சாட்சியே கிடையாது. ஒரேயொருக்கால் எடுத்துக் காட்டுங்கோவன் என்று முதல் வருசமே கேட்டுப் பார்த்தாள். அவர் மறுத்துவிட்டார். என்ன சமைப்பது, மகனை எங்கே படிப்பிப்பது, எந்தக் கலியாணத்துக்கு எந்தச் சேட்டைப் போடுவது, எல்லாம் ஜெயரூபியின் இலாகா. மீசை ஒன்றுதான் அவருடைய முழு ஆட்சிக்கு உட்பட்ட பிரதேசம். அதையும் கொடுத்துவிட்டால் ஆளுவதற்கு என்ன மிச்சம்?

சுழியோடப் பழக்கியவன் றுவைஸ். பொறுமையான பிள்ளை. கரையில் வைத்தே எல்லாம் சொல்லிக்கொடுத்தான். மூச்சை ஒருபோதும் அடக்கக்கூடாது. காற்றுக் குழாய் வாயிலிருந்து கழன்றால் பதறாமல் கையைப் பின்னால் வீசிச் சுழற்றினால் அது கையில் வந்து சிக்கும். முகக்கண்ணாடிக்குள் தண்ணீர் வந்தால் மேல்விளிம்பை அழுத்திப் பிடித்து, அண்ணாந்து, மூக்கால் ஊதவேண்டும். தண்ணீர் கீழ்ப்பக்கத்தால் போய்விடும். எது பழுதானாலும் முதல் வேலை நின்று யோசிப்பது, மேலே பாய்வதல்ல.

பிரகலாதன் கேள்விகளால் அவனைத் துளைத்தார். மீன் ஏன் ஆளைக் கண்டு ஓடுவதில்லை, காற்று முடிவது எப்படித் தெரியும், கீழே வைத்துத் தும்மல் வந்தால் என்ன செய்வது. குழாயைக் கடித்தபடியே தும்மலாம் என்றான் றுவைஸ். அந்தப் பதிலில் பிரகலாதன் சொக்கிப்போனார்.

ஆளாழம் தாண்டும்வரை எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. பிறகு முகக்கண்ணாடிக்குள் தண்ணீர் வந்தது. ஊதினார், போனது. ஊதி முடிப்பதற்குள் திரும்பவும் வந்தது. தண்ணீர் மூக்கை மூடியதும் படித்ததெல்லாம் மறந்து மேலே பாயப் பார்த்தார். றுவைஸ் தோள்பட்டியைப் பிடித்து நிறுத்தி, மூச்சு விடும்படி கையால் காட்டிக் காட்டி, மெல்ல மெல்ல மேலே கூட்டிவந்தான். கரையில் இருமி ஓய்ந்தபோது பிரகலாதனுக்கு அழுகை வரும்போல இருந்தது. இத்தனை பாடுபட்டு அவர் கடலடியில் கண்டது தன் சொந்த மூக்கை மட்டும்தான்.

இப்படி ஒழுகினால் கப்பலுக்குக் கூட்டிக்கொண்டு போக ஏலாது என்று றுவைஸ் சொல்லிவிட்டான். வருகிற ஞாயிறுதான் கடைசிப் பயணம். அதற்குப் பிறகு கடல் கலங்கிவிடும்.

பிரகலாதன் உடுப்பு மாற்றப் போன நேரத்தில் ஜெயரூபி றுவைஸோடு கொஞ்சம் கதைத்தாள். வீட்டுக்குத் திரும்பும் வழியில், சாம்பல்தீவு தாண்டியபோது, மெல்லச் சொன்னாள்.

“மீசைதானாம் காரணம். மயிர் இருக்கிற இடத்திலை றப்பர் ஒட்டாதாம். அந்த வழியாலைதான் தண்ணி வருதாம்.”

பிரகலாதனுக்குச் சந்தேகம். பழைய ஆசை வேறு வேசத்தில் வருகிறதோ? லிங்கநகரில் வீட்டு வாசலில் இறங்கியதுமே றுவைஸுக்குப் போன் எடுத்தார். மீசைதான் அண்ணை, என்ன செய்யோணும் எண்டு அக்காட்டை விளங்கப்படுத்தியிருக்கிறன் என்றான் அவன். அக்காவைக் கேட்டார். மீசைக்கு ஏதும் ஒரு ஏற்பாடு செய்யோணுமாம், அதை விடுங்கோ என்று அக்கா குசினிக்குள் போய்விட்டாள்.

அந்தக் கிழமை முழுக்க அவர் இரவல் வாங்கிவந்த முகக்கண்ணாடியை மாட்டி ஒரு வாளித் தண்ணீருக்குள் முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். பட்டியை இறுக்கினார். கண் பிதுங்கியது, தண்ணீர் இன்னும் கூடுதலாக வந்தது. மீசையின் ஓரத்தைக் கத்தரித்தார். ஒரு பக்கம் குறைந்துவிட, மறுபக்கத்தையும் சரிக்கட்டினார். தண்ணீர் நிற்கவில்லை.

“விடுங்கோ. அடுத்த வருசம் பாக்கலாம்,” என்றாள் ஜெயரூபி, வெண்டிக்காய் நறுக்கியபடி.

“அடுத்த வருசம் மட்டும் மீசை இல்லாமல் போயிடுமே?”

“நான் எடுக்கச் சொல்லேல்லை. எடுக்கவே வேண்டாம் எண்டுதான் சொல்லுறன். மீசை இல்லாட்டி உங்களைக் கந்தோரிலை ஆர் மதிப்பினம்?”

“மதிக்கிறது என்னையோ, மீசையையோ?”

ஜெயரூபி வெண்டிக்காயில் கவனமாக இருந்தாள்.

“இஞ்சேரும் ரூபி, இது என்ரை மீசை. வைக்கிறதும் நான், எடுக்கிறதும் நான்.”

“அவசரப்படாதேங்கோ. நான் வேண்டாம் எண்டு சொல்லுறன்.”

அந்த ‘வேண்டாம்’ போதுமாயிருந்தது. தன் பிரதேசத்துக்குள் அந்நியத் தலையீட்டை எந்த ஆட்சியாளன் பொறுப்பான்? பிரகலாதன் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். வெளியே வந்தபோது மூக்குக்கும் வாய்க்கும் இடையில் வெயிலே காணாத வெள்ளைத் தோல் ஒரு கீற்றாகத் தெரிந்தது. ஜெயரூபி கத்தியைக் கீழே வைத்துவிட்டு நெடுநேரம் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு துளித் தண்ணீர்கூட உள்ளே வரவில்லை. கப்பல் பச்சை வெளிச்சத்துக்குள் சரிந்து கிடந்தது. உடைந்த வாசலொன்றிலிருந்து பெரிய கலவாய் மீனொன்று எட்டிப் பார்த்து, யார் நீர் என்று கேட்பதுபோல வாயைத் திறந்து மூடியது. பிரகலாதனுக்குப் பிறந்த பயன் கிடைத்துவிட்டது. கீழே வைத்து ஒருதரம் தும்மிக்கூடப் பார்த்தார்.

வள்ளத்தில் ஏறியபோதும் அந்தச் சந்தோசம் குறையவில்லை. அப்போதுதான் எதிரே இருந்த வெள்ளைக்காரரைக் கவனித்தார். அவரும் இப்போதுதான் கப்பலைப் பார்த்துவிட்டு ஏறியவர். மீசை, பிரகலாதனின் பழைய மீசையைப்போல் இரண்டு மடங்கு. அதிலிருந்து பிசுபிசுப்பாக எதையோ துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அது என்ன என்று பிரகலாதன் றுவைஸைக் கேட்டார்.

“வாஸ்லின், அண்ணை. மீசைக்காரர் அதைத்தான் பூசிக்கொண்டு இறங்குறவை. தண்ணி வராது. அண்டைக்கே அக்காட்டைச் சொன்னனானே, மீசையை எடுக்கத் தேவையில்லை, வாஸ்லின் காணும் எண்டு.”

வீட்டுக்கு வந்தவர் உடுப்பு மடித்துக்கொண்டிருந்த ஜெயரூபியின் முன்னால் போய் நின்று, றுவைஸ் அப்படிச் சொன்னவனா என்று கேட்டார்.

“ஓம், சொன்னவன்.”

“பிறகேன் எனக்குச் சொல்லேல்லை?”

“கடலுக்குக் கீழை என்ன இருக்கெண்டு பாக்க நீங்கள் ஆசைப்பட்டனீங்கள். எனக்கும் ஒரு ஆசை இருந்தது.”

பிரகலாதனின் கோபம் பாதியில் நின்றுவிட்டது. இவ்வளவு காலமாக ஒருத்தி தன் முகத்தைப் பார்க்க ஆசைப்பட்டிருக்கிறாள். வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. மேலுதட்டைத் தடவிக்கொண்டு, எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

ஜெயரூபி நாடியைப் பிடித்து முகத்தை யன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள். இடப்பக்கம் பார்த்தாள். வலப்பக்கம் பார்த்தாள்.

“பாத்திட்டன். இனி வளர விடுங்கோ.”