நான்கு போன்களும் ஒரு ஜன்னலும்

தன் பேச்சைக் கேட்க உலகம் காத்துக்கொண்டிருக்கிறது என்பது மெத்தைக்காரருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பல் தேய்க்கும்போது தெரிந்துவிட்டது. வாயில் நுரையோடு அப்படியே ஹாலுக்கு வந்து மனைவியிடம் அறிவித்தார். நுரை மட்டும்தான் அவளுக்குப் புரிந்தது. போய்க் கொப்பளித்துவிட்டு வந்து மறுபடியும் அறிவித்தார்.

"இனிமே தினமும் சாயங்காலம் லைவ். நான் பேசப்போறேன்."

"எதைப் பத்திங்க?"

"குடும்பத் தலைமை. வீட்டுல ஆம்பளை எப்படி முடிவு எடுக்கணும், எடுத்த முடிவுல எப்படி உறுதியா நிக்கணும்."

ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்து பார்த்தாள். "நல்ல விஷயம்தான். கன்னத்துல நுரை இருக்கு, துடைச்சுக்குங்க."

துடைத்துக்கொண்டார்.

மெத்தைக்காரர் என்றால் மெத்தை தைக்கிறவர் என்று நினைத்துவிட வேண்டாம். பெரிய மெத்தைக் கடை ஒன்றில் விற்பனையாளர். வாடிக்கையாளரை மெத்தையில் படுக்க வைப்பார். பக்கத்தில் நின்று அதன் அருமை பெருமைகளைச் சொல்ல ஆரம்பிப்பார். பாதிப் பேச்சிலேயே அவர்கள் கண் செருகிவிடும். எழுந்ததும் மெத்தையை வாங்கிக்கொண்டு போவார்கள். எல்லாம் மெத்தையின் மகிமை என்று முதலாளி நம்பினார். பேச்சின் மகிமை என்று இவர் நம்பினார். மனைவிக்கும் இதில் ஒரு கருத்து உண்டு. யாரும் கேட்காததால் அவள் சொன்னதில்லை.

மனைவி தையல்காரி. சுற்றுவட்டாரத்துக் குழந்தைகள் பாதிப் பேர் உடம்பில் இருப்பது அவள் தைத்த கவுனும் சட்டையும்தான். ஆனால் அவளுடைய மெஷின் கிடந்தது ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவில், ஒரு மஞ்சள் பல்ப் தூங்கி வழிகிற நடைவழியில். கறுப்புத் துணியில் கறுப்பு நூலை ஓட்டினால் தையல் எந்தப் பக்கம் போகிறது என்று விரலால் தடவித்தான் பார்க்க வேண்டும். போன மாதம் ஒரு யூனிஃபார்முக்கு ஜிப்பைக் கோணலாக வைத்து, பிரித்து, திரும்பவும் கோணலாக வைத்து, கடைசியில் அழுதேவிட்டாள்.

அந்த வீட்டில் வெளிச்சம் வருவது ஹாலில் இருக்கிற பெரிய ஜன்னல் வழியாக. ஜன்னலடியில் இருப்பது மெத்தைக்காரரின் சாய்வு நாற்காலி. அந்த இடத்தை மெஷினுக்குக் கொடுங்கள் என்று கல்யாணமான புதிதிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவரும் புதிதிலிருந்து "பார்க்கலாம்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இப்போது அந்த ஜன்னலடி உலகப் பேச்சாளரின் மேடை ஆகிவிட்டது.

ஒரே சமூக வலைத்தளத்தில் பேசினால் ஒரே கூட்டம்தான் வரும், நாலு தளத்தில் பேசினால்தான் நாலு திசையும் திரும்பிப் பார்க்கும் என்று எங்கேயோ படித்திருந்தார். ஒரு போனிலிருந்தே எல்லாத் தளத்துக்கும் அனுப்ப வழி இருக்கிறது என்று மனைவியின் தம்பி சொல்லிப் பார்த்தான். மச்சான் சொல்லிக் கேட்கிற ஆளா இவர்? துணி காயப்போடும் மடக்கு ஸ்டாண்டை நாற்காலிக்கு எதிரே விரித்தார். அதில் கிளிப் போட்டு நான்கு போன்களைத் தொங்கவிட்டார். உறவுக்காரர்கள் சண்டை போடும் தளத்துக்கு அவருடைய புது போன். பெரிய மனிதர்கள் வேலை தேடும் தளத்துக்குப் பழைய போன். ஆளாளுக்குத் தங்கள் முகத்தைக் காட்டும் தளத்துக்குக் கடையில் கொடுத்த போன். எல்லோரும் எல்லாவற்றையும் பார்க்கும் தளத்துக்கு மனைவியின் போன்.

மூன்று போன்கள் அவர் முகத்தைப் பார்த்துத் திரையைக் காட்டிக்கொண்டு தொங்கின. மனைவியின் போனில்தான் சிக்கல். அதன் முன்பக்கக் கேமராவில் அவருடைய மூக்கு சற்று விசாலமாகத் தெரிந்தது. ஆகவே அதை மட்டும் திருப்பி, பின்பக்கக் கேமரா தன்னைப் பார்க்கும்படி மாட்டினார். திரை நடைவழிப் பக்கம், மனைவியின் மெஷினைப் பார்த்துத் தொங்கியது.

"அதுவும் நல்லதுதான். நீ தைச்சுக்கிட்டே கமெண்டைப் படிச்சுச் சொல்லு. நான் கண்ணாடியைக் கழட்டிடுவேன், ஒண்ணும் தெரியாது" என்றார். கண்ணாடி போட்டால் தலைமைப் பண்பு குறைகிறது என்பது அவர் எண்ணம்.

மனைவி மெஷினை நிறுத்தினாள். "ஏங்க, நீங்க பேசுங்க, நான் படிக்கிறேன். ஆனா ஜன்னலுக்கு ஒரு முடிவு சொல்லுங்க."

"மாசக் கடைசிக்குள்ள ஏதாவது ஒரு தளத்துல ஒரே நேரத்துல ஆயிரம் பேர் என்னைப் பார்க்கலைன்னா, ஜன்னல் உனக்கு. பார்த்தாங்கன்னா, அந்தப் பேச்சையே நீ மறந்துடணும்."

அவள் யோசித்தாள். "இப்படி வெச்சுக்கலாம். எந்த போன்ல ஆயிரம் பேர் வர்றாங்களோ, அந்த போன்காரங்களுக்கு ஜன்னல். ஆயிரம் வரவே இல்லைன்னா எனக்கு."

மெத்தைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். நான்கு போனிலும் ஓடப்போவது அவர் முகம். எது ஜெயித்தாலும் ஜெயிப்பது அவர்தானே. சாட்சிக்கு மச்சானை வைத்துக்கொண்டு, தாராளமாக ஒப்புக்கொண்டார்.

நிகழ்ச்சிக்கு 'தலைவர் பேசுகிறார்' என்று பெயர். மேலே கல்யாணக் கோட்டு, கீழே வீட்டில் போடும் அரை டிராயர். கேமராவுக்கு இடுப்புக்குக் கீழே என்ன தெரியப்போகிறது? முதல் சில நாள் உறவுக்காரத் தளத்தில் அவருடைய அண்ணனும், வேலை தேடும் தளத்தில் யாரோ வேலை தேடுகிறவரும் வந்து போனார்கள். முகம் காட்டும் தளத்தில் ஒருவரும் இல்லை. மனைவியின் போனிலும் அவளுடைய வாடிக்கைக்காரப் பெண்கள் இரண்டு மூன்று பேர்தான். அவர் மனம் உடைந்து போனார். சாப்பாட்டில்கூடக் கை வைக்கவில்லை. அவளுக்கே பாவமாக இருந்தது.

அடுத்த வாரம் திடீரென்று கூட்டம் வந்தது. மனைவியின் போனில்.

ஐம்பது என்றாள். நூறு என்றாள். அடுத்த சில நாளில் இருநூறைத் தாண்டிவிட்டது. மெத்தைக்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை.

"என்ன எழுதுறாங்க, படி."

"கை வேகத்தைப் பார்த்துக்கிட்டே இருக்கலாம்னு எழுதியிருக்காங்க."

அன்றிலிருந்து அவர் கையை வீசி வீசிப் பேசினார். ஒருமுறை ஜன்னல் திரை கையில் மாட்டிக் கம்பியோடு வந்துவிட்டது. கழுத்து ரொம்ப நேர்த்தியாக வந்திருக்கிறது என்று ஒருவர் எழுதியதாகப் படித்தாள். மறுநாள் கழுத்துக்கு மட்டும் தனியாகப் பவுடர் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். வெளிச்சம் போதவில்லை என்று புகார் வந்தது. உடனே வட்ட விளக்கு ஒன்றை வாங்கி ஸ்டாண்டில் மாட்டினார். அதைச் சற்று இந்தப் பக்கம் திருப்பினால் இன்னும் நன்றாக இருக்கும் என்று எழுதுகிறார்களே என்றாள். "மக்கள் சொன்னா கேட்கணும், திருப்பு" என்றார். விளக்கு நடைவழியைப் பார்த்துத் திரும்பியது. முகத்தில் மென்மையான வெளிச்சம் விழுவதாக அவருக்குத் தோன்றியது.

ஒரே ஒரு விஷயம் உறுத்தியது. அவர் உருக்கமான இடத்துக்கு வரும்போதெல்லாம் பின்னால் மெஷின் கடகடவென்று ஓடியது. பேசுகிற நேரத்திலாவது அதை நிறுத்தக் கூடாதா என்று கேட்டார்.

"நேத்து கொஞ்ச நேரம் நிறுத்தினேன். ஏன் நிறுத்திட்டீங்கன்னு நாப்பது பேர் கேட்டுட்டாங்க."

யோசித்துப் பார்த்தார். சரிதான். பெரிய பேச்சு என்றால் பின்னணி இசை வேண்டும். "அப்ப ஓட்டு. ஆனா ரொம்ப முன்னாடி வந்துடாதே. நான்தான் முன்னால தெரியணும்" என்றார். அவள் சரிங்க என்றாள்.

கடையிலும் அவர் மதிப்பு ஏறியது. காசாளர் ஒருநாள் தேநீரைக் கையில் கொண்டுவந்து கொடுத்தார். காசாளரின் மனைவி சாயங்காலம் ஆனால் போனும் கையுமாக உட்கார்ந்துவிடுகிறாளாம், கண் இமைக்காமல் பார்க்கிறாளாம். குடும்பத் தலைமையைப் பற்றிப் பெண்களே இவ்வளவு ஆர்வமாகக் கேட்கிறார்கள் என்றால் நாடு திருந்திக்கொண்டிருக்கிறது என்று மெத்தைக்காரர் முடிவுகட்டினார். அந்தத் தளம் அவருடைய எந்த போனிலும் இல்லை. போட்டுப் பார்க்கலாமே என்று மச்சான் கேட்டதற்கு, தன் பேச்சைத் தானே கேட்பவன் தலைவன் இல்லை என்று பதில் சொன்னார். மச்சான் ஏனோ இருமிக்கொண்டே வெளியே போய்விட்டான்.

மாதக் கடைசி வந்தது.

அன்று மெத்தைக்காரர் தன் முழு ராஜதந்திரத்தையும் இறக்கினார். மற்ற மூன்று தளத்திலும் இருக்கிற பத்துப் பேர் எதற்கு அங்கே வீணாக உட்கார்ந்திருக்க வேண்டும்? "அன்பர்களே, நீங்க எல்லாரும் இப்பவே என் மனைவியோட பக்கத்துக்குப் போங்க. உங்க சொந்தக்காரங்களையும் கூட்டிக்கிட்டுப் போங்க" என்று ஒவ்வொரு போனாகப் பார்த்துக் கும்பிட்டார். கடை வாடிக்கையாளர்கள் அத்தனை பேருக்கும் காலையிலேயே லிங்க் போயிருந்தது. அண்ணன் தன் அலுவலகத்துக்கே அனுப்பிவைத்திருந்தார். எண்ணூறு என்றாள் மனைவி. தொள்ளாயிரம் என்றாள். மெஷின் இரயில் மாதிரி ஓடியது. அவர் தொண்டை கட்டக் கட்டப் பேசினார். "முடிவு எடுக்கிறவன்தான் தலைவன். எடுத்த பிறகு யார் சொன்னாலும் மாறக் கூடாது."

மெஷின் நின்றது.

"ஆயிரம்" என்றாள்.

மெத்தைக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷமாக அவர் பேச்சை யாரும் விழித்திருந்து கடைசிவரை கேட்டதில்லை. இன்று ஆயிரம் பேர் கேட்டிருக்கிறார்கள். அவர்களை நேருக்கு நேர் வணங்கிவிட வேண்டும் போலிருந்தது. எழுந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டார். ஸ்டாண்டைச் சுற்றிக்கொண்டு நடைவழிப் பக்கம் வந்து, மனைவியின் பின்னால் நின்று, அந்தத் திரையை முதல்முறையாகப் பார்த்தார்.

திரையில் ஒரு தையல் மெஷின் இருந்தது. அதன்மேல் கழுத்துப் பட்டி வைத்து முடித்த ஒரு மஞ்சள் கவுன். வட்ட விளக்கின் முழு வெளிச்சத்தில் அவருடைய மனைவி. அவளுக்குப் பின்னால், மேலே கல்யாணக் கோட்டும் கீழே அரை டிராயருமாக, கைகூப்பியபடி ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தார். கமெண்ட் ஒன்று மேலே ஏறியது. 'அக்கா, பின்னாடி யாரோ டிராயரோட வந்திருக்காங்க, பாருங்க.'

மெத்தைக்காரர் கும்பிட்ட கையை இறக்கிக் கோட்டைக் கீழே இழுத்து விட்டுக்கொண்டார். கோட்டு அவ்வளவு நீளம் இல்லை.

"என்னது இது?" என்றார், குரலைத் தாழ்த்தி.

அவள் ஒளிக்கவில்லை. முதல் வாரத்தில் கமெண்டைப் படிக்கப் போய் விரல் தவறுதலாக எங்கேயோ பட்டு, கேமரா முன்பக்கத்துக்கு மாறி அவள் பக்கம் திரும்பிவிட்டதாம். திருப்பிவிடலாம் என்று பார்த்தால், பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் விடவில்லையாம். கழுத்து எப்படி வெட்டுவது, ஜிப் எப்படி வைப்பது என்று கேட்டார்களாம். மறுநாள் முதல் அவளே திருப்பினாளாம். மற்றபடி வந்த கமெண்ட் எல்லாவற்றையும் எழுத்து மாறாமல்தான் படித்துச் சொன்னாளாம்.

"ஆனா பேசினது நான்தானே? ஓடினது என் குரல்தானே?"

"இல்லைன்னு சொல்லலைங்க. போன் யாரோடது?"

அந்த நேரம் பார்த்து மச்சான் உள்ளே வந்தான். கையை மடித்துவிட்டுக்கொண்டு மெஷினின் ஒரு பக்கத்தைப் பிடித்தான். "மாமா, அந்தப் பக்கம் நீங்க பிடிங்க."

"இப்பவேவா?"

"நீங்கதானே சொன்னீங்க, எடுத்த முடிவுல உறுதியா நிக்கணும்னு" என்றாள் மனைவி. "ஆயிரம் பேர் கேட்டிருக்காங்க."

பிடித்தார். ஆயிரம் பேர் பார்க்க, கோட்டும் டிராயருமாக, மெஷினைத் தூக்கிக்கொண்டுபோய் ஜன்னலடியில் வைத்தார். திரை முழுக்கக் கைதட்டல் பொம்மைகள் பறந்தன. மனைவி ஜன்னல் வெளிச்சத்தில் கையை நீட்டி, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை மெத்தைக்காரர் கல்யாண போட்டோவில்கூடப் பார்த்ததில்லை. கோபப்பட வேண்டும் என்று நினைத்தார். வரவில்லை. அதற்காக விட்டுக்கொடுத்துவிட முடியுமா? இனி இந்த வீட்டில் வாயைத் திறப்பதில்லை என்று உறுதியான ஒரு முடிவு எடுத்தார்.

மறுநாள் சாயங்காலம் சாய்வு நாற்காலி நடைவழியில், மஞ்சள் பல்புக்குக் கீழே கிடந்தது. அதில் மெத்தைக்காரர் வாயை இறுக மூடிக்கொண்டு கிடந்தார். ஜன்னலடியில் மெஷின் ஓடியது. ஸ்டாண்டில் இப்போது ஒரே போன். மச்சான் சொன்ன வழியில் அதிலிருந்தே நான்கு தளத்துக்கும் போய்க்கொண்டிருந்தது. கூட்டம் நேற்றைவிட அதிகம்.

கொஞ்ச நேரத்தில் மனைவி திரையைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். மெஷினை நிறுத்தினாள்.

"ஏங்க, உங்களைத்தான் கேட்கிறாங்க. ஒருத்தர் ரெண்டு பேர் இல்லை, நிறையப் பேர்."

மெத்தைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். தலையைக் கோதிக்கொண்டார். கழுத்தைத் தடவிக்கொண்டார். நினைத்தது சரிதான், நல்ல பேச்சை மக்கள் ஒருநாளும் மறப்பதில்லை.

"என்ன கேட்கிறாங்க? ஒரு எழுத்து விடாம முழுசாப் படி."

அவள் படித்தாள். "அக்கா, இன்னைக்கு ஏன் அந்த ரேடியோ ஓடலை? அது இல்லாம எங்க வீட்டுக் குழந்தை தூங்க மாட்டேங்குது."