இன்னும் பத்தே ஆண்டில் சூரியன்

"சார், மாமியார் சிவந்துட்டா," என்றாள் விளையாட்டுச் செய்தி எழுதும் பெண், பக்கத்து மேசையிலிருந்து எட்டிப் பார்த்து.

துணையாசிரியர் நிமிர்ந்து பார்த்தார். திரையின் நெற்றியில் செக்கச்செவேலென்று ஒரு பட்டை. அதில், 'இது ஏற்கனவே சொன்னது. ஒற்றுமை: தொண்ணூற்றெட்டு விழுக்காடு' என்று எழுதியிருந்தது.

மாமியார் என்பது அந்தச் செய்தித் தளத்தில் இரண்டு மாதங்களுக்கு முன் வந்து சேர்ந்த ஒரு மென்பொருள். சொன்னதையே சொல்லும் செய்திகளைக் கண்டுபிடிப்பது அதன் வேலை. எதை எழுதிக் காட்டினாலும் 'இதுதான் எனக்குத் தெரியுமே' என்று முகத்தில் அடிப்பதால் முதல் நாளே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. மாமியார் சிவந்த பிறகும் செய்தியை வெளியிட்டால் ஒரு கரும்புள்ளி. வந்தே தீர வேண்டிய செய்தியை வெளியிடாமல் விட்டாலும் ஒரு கரும்புள்ளி. மூன்று சேர்ந்தால் வீட்டுக்குப் போகலாம். ராசிபலன்காரருக்கு மட்டும் விதிவிலக்கு. அவர் இன்றைக்கு மேஷத்துக்குச் சொன்னதை நாளைக்கு ரிஷபத்துக்குச் சொல்லிவிட்டு நிம்மதியாக நகம் வெட்டிக்கொண்டிருப்பார்.

துணையாசிரியரிடம் இரண்டு புள்ளிகள் இருந்தன. வகைக்கு ஒன்று. ஐம்பத்தொரு வயதில் வேலை போனால் வேறு எவன் கூப்பிட்டுக் கொடுப்பான் என்ற கவலை, அந்த இரண்டு மாதமாக அவருடனேயே எழுந்து அவருடனேயே படுத்தது.

இன்றைய வினை, ஊருக்கு வெளியே கட்டப்பட்டுவரும் அணுக்கரு இணைவு உலை. சூரியனுக்குள் நடப்பதை ஒரு கலத்துக்குள் நடத்தி, குறையாத மின்சாரம் தரப்போகிற உலை. அங்கிருந்து வருடத்துக்கு ஒருமுறை ஓர் அறிக்கை வரும். 'இன்னும் பத்தே ஆண்டுகளில் உலை எரியும்' என்று அதில் இருக்கும். துணையாசிரியர் அதைச் செய்தியாக்குவார். பதினான்கு வருடங்களாக ஆக்கிவிட்டார். முதல் செய்தி எழுதியபோது அவருடைய மகள் தவழ்ந்துகொண்டிருந்தாள். இப்போது அவர் செருப்பு அவளுக்குச் சரியாக இருக்கிறது. அந்தப் பத்து மட்டும் ஒன்பது ஆகவில்லை.

கண்ணாடி அறையிலிருந்து எடிட்டர் வெளியே வந்தார்.

"என்னய்யா, உலைச் செய்தி எங்கே? எல்லாத் தளத்துலயும் வந்தாச்சு. நம்மகிட்ட மட்டும் காணோம்."

"எழுதிட்டேன் சார். மாமியார் விடமாட்டேங்குறா."

"வேற வார்த்தையில எழுது. தமிழ்ல வார்த்தைக்கா பஞ்சம்?"

"வார்த்தைக்குப் பஞ்சம் இல்ல சார். விஷயத்துக்குத்தான்."

"அரைமணி நேரம்," என்று சொல்லிவிட்டு எடிட்டர் உள்ளே போய்விட்டார்.

மற்ற தளங்களில் என்ன புதிதாக எழுதியிருக்கிறார்கள் என்று துணையாசிரியர் தேடிப் பார்த்தார். எல்லாவற்றிலும் இருந்தது அவரே போன வருடம் எழுதியது, 'மின்சாரம்' என்பதில் விட்ட ஒற்று உட்பட. ஊரெல்லாம் தன் எழுத்தைப் போட்டுக்கொள்ளலாம், தான் மட்டும் போட்டுக்கொள்ள முடியாது என்பதை நினைத்தபோது சிரிப்பு வரவில்லை.

'பத்து ஆண்டுகள்' என்பதை 'ஒரு பத்தாண்டு' என்று மாற்றினார். தொண்ணூற்றேழு. 'விஞ்ஞானிகள்' போய் 'நிபுணர்கள்' வந்தார்கள். தொண்ணூற்றாறு. மாமியாருக்கு அந்த 'அணுக்கரு இணைவு உலை' என்ற தொடர்தான் கண்ணில் குத்துகிறது என்பது பிறகுதான் புரிந்தது. கடுப்பில் 'அணு'வை எடுத்துவிட்டார். 'இணைவு' போய் 'சேர்க்கை' வந்தது. உலையைக் 'கலம்' ஆக்கினார். எழுதி முடித்ததைத் திரும்பப் படிக்க அவரிடம் நேரம் இல்லை. பொத்தானை அமுக்கினார்.

மாமியார் பச்சையானாள். ஒற்றுமை நான்கே விழுக்காடு. துணையாசிரியர் கண்ணை மூடி நாற்காலியில் சாய்ந்தார். பத்து நிமிடம்கூடச் சாய முடியவில்லை.

"சார், நீங்க எழுதின செய்தி இன்னிக்கு முதலிடம்," என்றாள் விளையாட்டுப் பெண். அவள் குரலில் பாராட்டு இல்லை. "ஆனா அறிவியல் பக்கத்துல இல்ல. தாய்மைப் பக்கத்துல."

வகை பிரிப்பதும் மாமியாரின் வேலைதான். பிரித்திருந்தாள். மேலே ஒரு குழந்தையின் இரண்டு பிஞ்சுப் பாதங்கள். கீழே தடித்த எழுத்தில், 'கரு சேர இன்னும் ஒரு பத்தாண்டு ஆகும்: நிபுணர்கள் திட்டவட்டம்.' அதற்குக் கீழே அவருடைய சொந்த வரிகள்: 'கலம் தயாராக இருந்தும் உள்ளே ஒரு நொடிகூட நிலைக்க மறுக்கிறது. பதினைந்து கோடி டிகிரி வெப்பம் தேவைப்படுகிறது.'

வாசகர்கள் அதற்குள் கருத்துச் சொல்லத் தொடங்கியிருந்தார்கள். 'அவ்வளவு சூடு உடம்புக்கு ஆகாதே, இளநீர் குடிக்கலாமா?' என்று ஒருவர் கேட்டிருந்தார்.

துணையாசிரியரின் கைப்பேசி அடித்தது. மனைவி.

"ஏங்க, உங்க தளத்துல எந்தப் பாவி இதை எழுதினான்?"

"எதை?"

"கரு சேர பத்து வருஷம் ஆகும்னு! என் தங்கச்சி அதைப் படிச்சதுலேர்ந்து ஒரு வாய் தண்ணி குடிக்கல. நாலு வருஷமா ஊசியும் மாத்திரையுமா அவ படற பாடு உங்களுக்குத் தெரியாதா? இப்பத்தான் டாக்டர் ஏதோ நம்பிக்கையா சொன்னார். அதுக்குள்ள நிபுணராம், திட்டவட்டமாம். அவன் கை விளங்குமா?"

துணையாசிரியர் தன் கையைப் பார்த்தார். "எவனோ புதுசா சேர்ந்தவன்..." என்றார்.

"அவனை வேலையை விட்டுத் தூக்கச் சொல்லுங்க!"

"அதுக்குத்தான் ஏற்பாடு நடக்குது," என்று சொல்லிக் கைப்பேசியை வைத்துவிட்டார். கொழுந்தியாள் அவர் கண்ணெதிரே வளர்ந்த பெண். அவள் அழுகிறாள்; அழவைத்தது அவர்தான்.

உடனே ஒரு திருத்தம் போட்டுவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தார். 'இது மனிதக் கருவைப் பற்றிய செய்தி அல்ல. அணுக்கரு இணைவு உலையைப் பற்றியது' என்று தட்டினார். மாமியார் சிவந்தாள். ஏற்கனவே சொன்னதாம். 'அணுக்கரு'வை எடுத்தார்; மனிதக் கரு மட்டும் மிஞ்சியது. அதையும் எடுத்தார். கடைசியில் ஒரே வரிதான் நின்றது: 'இது குழந்தை விஷயம் அல்ல, உலை விஷயம்: கொதிக்க இன்னும் ஒரு பத்தாண்டு ஆகும்.'

பச்சை. அனுப்பினார்.

இந்த முறை ஐந்தே நிமிடம். சமையல் பக்கத்து அம்மா கையில் கைப்பேசியோடு வந்து நின்றார். அவருக்கு மூக்குக்கண்ணாடி வழியாகப் பார்த்தால் கோபம் வராது. மேலே தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"ஏன் தம்பி, என் பக்கத்துல உங்களுக்கு என்ன வேலை?"

"என்னம்மா ஆச்சு?"

"உலைன்னு எழுதினா அது எங்கே போகும்? என்கிட்டதான் வரும். 'இருபதே நிமிஷத்துல ருசியான மதிய உணவு'ன்னு நான் போட்டிருக்கேன். அதுக்கு மேல நீங்க, உலை கொதிக்கப் பத்து வருஷம்னு! ஒருத்தி கேக்கறா, அதுவரைக்கும் பிள்ளைக்குப் பசிக்காதான்னு."

துணையாசிரியருக்கு அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்து அழ வேண்டும் போலிருந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தால்கூடப் பரவாயில்லை. குரங்குக்குக் குட்டியும் பிறந்து அது சமையலறைக்குள் புகுந்துவிட்டது.

எடிட்டர் கூப்பிட்டார். கண்ணாடி அறைக்குள் குளிராக இருந்தது. எடிட்டரின் மேசையில் ஒரு வெள்ளை உறை, இன்னும் ஒட்டப்படாமல்.

"உட்காருய்யா. நான் ஒண்ணு கேக்கறேன். பதினாலு வருஷமா அந்த உலையப் பத்தி எழுதுறியே, ஒரு தடவையாவது அங்கே போயிருக்கியா?"

துணையாசிரியர் யோசித்தார். "அறிக்கைதான் வந்துடுதே சார்."

"அதான் கேடு. இப்ப மணி பன்னிரண்டு. அஞ்சு மணிக்குள்ள அந்த உலையப் பத்தி யாரும் இதுவரைக்கும் எழுதாத ஒரே ஒரு வரி கொண்டு வா. ஒரே ஒரு வரி போதும். மத்ததை நான் பார்த்துக்கறேன். இல்லைன்னா," எடிட்டர் உறையைத் தொட்டார், "எனக்கும் மனசு கஷ்டம்தான்யா. ஆனா மேல கேக்கறாங்க."

பேருந்தில் கடைசி நிறுத்தத்துக்குச் சீட்டுக் கேட்டபோது நடத்துநர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். ஒரு மணி நேரம் போயிற்று. கடைகள் தீர்ந்தன, வீடுகள் தீர்ந்தன, கடைசியில் பேருந்தில் ஆட்களும் தீர்ந்தார்கள். வழியெல்லாம் துணையாசிரியர் அந்த ஒரு வரிக்காக வேண்டிக்கொண்டே வந்தார். பத்து ஆண்டு என்பது ஒன்பதானால் போதும். பதினொன்றானால்கூடப் போதும். ஒரு குழாய் வெடித்திருக்கக்கூடாதா என்று நினைத்தார்; பிறகு அப்படி நினைத்ததற்காகத் தன்னையே வைதுகொண்டார்.

இறங்கியதும் பெரிய இரும்புக் கதவு. பக்கத்தில் சிரிக்கும் சூரியன் வரைந்த பலகை. 'இன்னும் பத்தே ஆண்டுகளில்!' என்று எழுதியிருந்தார்கள். எந்த ஆண்டிலிருந்து என்று எழுதவில்லை.

கதவுக்கு உள்ளே ஓர் அறை. தரை பளிச்சென்று துடைத்திருந்தது. ஒரு மேசை, ஒரு கணினி, ஒரு பதிவேடு, அதன் பின்னால் ஓர் அம்மா. நாற்பத்தைந்து வயதிருக்கும். இஸ்திரி போட்ட புடவை, கழுத்தில் அடையாள அட்டை. ஆள் வந்ததைப் பார்த்ததும் அவர் பதறி எழுந்தார்.

"யாரு சார் வேணும்?"

"தகவல் அதிகாரியைப் பார்க்கணும்."

"வெளியே போயிருக்கார்."

"எப்ப வருவார்?"

"விரைவில்."

துணையாசிரியர் தன் பெயரையும் தளத்தின் பெயரையும் சொன்னார். அந்த அம்மாவின் முகம் விளக்குப் போட்ட மாதிரி மலர்ந்தது.

"நீங்கதானா அது! உக்காருங்க சார், உக்காருங்க. உங்க செய்தியெல்லாம் நான் அச்செடுத்து வெட்டி வச்சிருக்கேன். தண்ணி குடிக்கிறீங்களா? இவ்ளோ தூரம் வெயில்ல வந்திருக்கீங்களே!"

பதினான்கு வருடத்தில் அவருடைய எழுத்தை இப்படி ஒருவர் கொண்டாடியதே இல்லை. துணையாசிரியருக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கிய வேகத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். மாமியார், இரண்டு புள்ளி, கொழுந்தியாளின் அழுகை, சமையல் பக்கம், வெள்ளை உறை, ஒன்று விடவில்லை.

"எனக்குப் பெருசா ஒண்ணும் வேண்டாம்மா. இதுவரைக்கும் யாரும் எழுதாத ஒரே ஒரு வரி. அதோட நான் போயிடறேன்."

"புதுசா எதுக்கு சார்?" அந்த அம்மாவின் குரல் இறங்கியது. "பழசே நல்லாத்தானே இருந்துச்சு. 'குறையாத மின்சாரம், குன்றாத நம்பிக்கை'ன்னு எழுதியிருந்தீங்களே. அந்த இடத்தை டைப் அடிக்கும்போதெல்லாம் எனக்கு..."

நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"நீங்க எதுக்கும்மா அதை டைப் அடிக்கறீங்க? அது நானா சேர்த்து எழுதினது. முதல்ல உங்க அறிக்கையில அது இல்லையே."

அந்த அம்மா மெல்ல உட்கார்ந்தார். பதிவேட்டை நேராக வைத்தார். பிறகு கோணலாக வைத்தார்.

துணையாசிரியருக்கு எதுவும் பிடிபடவில்லை. மணி இரண்டரை ஆகியிருந்தது. திரும்பப் பேருந்து மூன்றுக்குத்தான். "அம்மா, என் வேலை போயிடும்," என்றார். "அதிகாரி இல்லைன்னா பரவாயில்ல. உள்ளே பொறியாளர் யாராவது இருப்பாங்க. ஒருத்தரைக் கூப்பிடுங்க. நிஜமா எந்த அளவுக்கு வந்திருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும்."

அந்த அம்மா எழுந்து போய், தெருவில் யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு, அறைக் கதவைச் சாத்தினார். கையைக் கூப்பினார்.

"மூடச் சொல்லி உத்தரவு வந்து ஏழு வருஷம் ஆச்சு சார், வருஷா வருஷம் உங்க செய்தியையே தேதி மாத்தி உங்களுக்கு அனுப்பறேன், நீங்க போடறீங்க, அதைப் படிச்சுட்டு 'இன்னும் வேலை நடக்குது போலிருக்கு'ன்னு யாரும் பூட்டுப் போட வராம, என் வேலையும் போகாம இருக்கு!"