பத்திரம் அண்ணனின் இரண்டாவது போன்

ஆரணியில் எதையுமே தூக்கிப் போடாத மனிதர் என்று ஒருவரைத்தான் என்னால் சொல்ல முடியும். அவர் பெயர் பத்திரம். வீட்டில் வைத்த பெயர் வேறு. அது என்னவென்று அவர் பெண்ணின் கல்யாணப் பத்திரிகையைப் பார்த்த பிறகுதான் எனக்கே தெரியும். பேனா மூடியோ, பஸ் டிக்கெட்டோ, கம்ப்யூட்டரில் பாதி வரைந்து விட்ட மாங்காய் டிசைனோ, கைக்கு எது வந்தாலும் "பத்திரமா இருக்கட்டும்பா" என்று எடுத்து வைத்துக்கொள்வார். அதனால் பத்திரம்.

இந்தப் பெயரால் வந்த வினை கொஞ்சமல்ல. ஒருநாள் களம்பூரிலிருந்து ஒருவர் முத்திரைத்தாளும் கையுமாக நாங்கள் வேலை செய்யும் இடத்துக்கு வந்து நின்றார்.

"பத்திரம் இங்கதான இருக்காரு? நாலு செண்டு நெலம். ஜல்தியா எழுதிக் குடுத்தார்னா நல்லாருக்கும்."

பத்திரம் அண்ணன் சிரிக்கவில்லை. "நான் அந்தப் பத்திரம் இல்லீங்க" என்று பொறுமையாகச் சொல்லி, வெளியே அழைத்துப் போய் வழி காட்டினார். அதற்கு முன்னால் அந்தாளின் முத்திரைத்தாளை வாங்கி இரண்டு ஜெராக்ஸ் எடுத்து, ஒன்றை அவர் கையில் கொடுத்து, ஒன்றைத் தன் மேஜையில் வைத்துக்கொண்டார். "வழியில தொலைஞ்சிட்டா இன்னா பண்ணுவீங்க?" ஒரு எழுத்துகூட எழுதாத அந்த வெற்றுத்தாளின் ஜெராக்ஸ் கடைசிவரை அவர் மேஜையில் இருந்தது.

நாங்கள் வேலை செய்தது ஒரு டிசைன் சென்டரில். பட்டுப்புடவைக்கு பார்டரும் முந்தியும் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுப்போம். அதை வைத்து அட்டை அடிப்பார்கள், அதாவது அட்டையில் வரிசையாகத் துளை போடுவார்கள். அட்டை தறிக்கு மேலே ஏறினால் கீழே புடவையில் மயில் வரும். பத்திரம் வரைகிறவர். நான் டிப்ளமா முடித்தவன் என்பதால் வரைவதோடு கம்ப்யூட்டருக்கு வைத்தியமும் என் தலையில்.

இரண்டு கையிலும் வாட்ச் கட்டியிருப்பார். "மணி இன்னாணா?" என்று கேட்டால் இரண்டையும் பார்ப்பார். "இதுல பத்தே கால், அதுல பத்து இருவது. உனுக்கு எது வசதியோ எடுத்துக்கோ." சாப்பாடும் இரண்டு டப்பா. முதல் டப்பா வழியில் கொட்டிவிட்டால் இருக்கட்டும் என்று இரண்டாவது. நான் பார்த்த அத்தனை வருஷத்தில் முதல் டப்பா ஒருநாளும் கொட்டவில்லை. சாயங்காலம், சோறு வீணாகக் கூடாது என்று இரண்டாவதையும் தின்பார். தொப்பை வந்ததற்கு அவர் சொன்ன காரணம் தைராய்டு.

போனும் அப்படித்தான். ஒருமுறை பேசி வைப்பார். சரியாக இரண்டு நிமிஷத்தில் மறுபடி வரும். "ஒண்ணும் இல்லபா, மொத போன் வந்திச்சான்னு கேட்டேன்." முதல் போனில் மழை, பஸ், வெயில் என்று ஊர்க்கதை பேசுவார். இரண்டாவதில்தான் "ஆங், சொல்ல வந்தத மறந்துட்டேன்" என்று விஷயத்துக்கே வருவார். எங்கள் எல்லோருக்கும் இது தெரியும். நான் இதை இங்கே சொல்லி வைப்பதற்குக் காரணம் உண்டு.

கம்ப்யூட்டரில் அவர் வைக்கும் பெயர்களைப் படித்தால் தலை சுற்றும். மயில் என்று ஒரு ஃபோல்டர். அடுத்து 'மயில் பழசு'. பிறகு 'மயில் ரொம்ப பழசு', 'மயில் பழசு புதுசு', 'மயில் தொடாதே', 'மயில் தொடாதேன்னு சொன்னேன்ல'. ஒருமுறை அவசரத்தில் நான் எடுத்துக் கொடுத்தது 'ரொம்ப பழசு'. அதில் மயிலுக்கு இன்னும் அலகு வரையவில்லை. எட்டுப் புடவை நெய்து இறக்கிய பிறகுதான் யாரோ பார்த்தார்கள். முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குதித்தார். மறு வாரம் அந்த எட்டும் விற்றுப் போய், "அந்த மூக்கில்லாத மயிலு இன்னும் வருமா?" என்று கடைகளிலிருந்து போன். உடனே முதலாளி, அது தான் யோசித்துச் செய்த புதுமை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். பத்திரம் அதையும் ஒரு ஃபோல்டரில் போட்டு வைத்தார்.

எங்கள் தொழிலில் திருட்டுப் பயம் பட்டுக்கோ ஜரிகைக்கோ இல்லை, டிசைனுக்குத்தான். இன்றைக்கு நம் திரையில் இருக்கும் அன்னம் அடுத்த வாரம் வேறு கடை பொம்மையின் தோளில் தொங்கும். ஆகவே எங்கள் முதலாளி, பென்டிரைவ் செருகும் ஓட்டையில் எல்லாம் பசை ஊற்றி அடைத்திருந்தார். நெட் கிடையாது. டிசைன் வெளியே போவது முதலாளி தன் கையால் போடும் சிடியில் மட்டும்தான். சாயங்காலம் பையைக் கொட்டிக் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போகவேண்டும். பத்திரத்தின் இரண்டாவது டப்பாவைக்கூடத் திறந்து பார்ப்பார்கள். இருபது வருஷம் அங்கே உழைத்த மனிதர். அந்த டப்பாவை அவரே மூடி கழற்றிக் காட்டுவார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

அதனால் அவர் எடுத்த காப்பி அத்தனையும் அதே கம்ப்யூட்டருக்குள்ளேயே கிடந்தன. நான் கிண்டல் செய்வேன்.

"ஏண்ணா, ஒரே பீரோவுக்குள்ள பதினோரு காப்பி வெச்சிருக்கீங்களே. பீரோவையே எவனாவது தூக்கிகினு போயிட்டா?"

"பீரோவ யாருபா தூக்கப் போறாங்க?"

மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டுக் கண் அசரும் நேரத்தில் அவர் ஒரு அணில் வரைவார். முதலாளியிடம் கேட்டு, முதலாளி பெரிய மனசு பண்ணித் தலையாட்டி, வரைந்தது அது. அவர் பெண் சின்ன வயதில் வாடகை வீட்டுச் சுவரில் கரித்துண்டால் வரிசையாக அணில் கிறுக்கியிருக்கிறாள். எல்லாம் இடப்பக்கம் ஓட, ஒன்று மட்டும் வலப்பக்கம் பார்த்து நிற்கும். "அது ஏன்டி திரும்பி நிக்குது?" என்று கேட்டதற்கு, "அது உன்னப் பாக்குதுப்பா" என்றாளாம். பிறகு வீட்டுக்காரர் சுண்ணாம்பு அடித்துவிட்டார். சுவர் போனாலும் அந்த அணில்கள் இவர் மனதில் அப்படியே இருந்தன. அதைத்தான் புள்ளி புள்ளியாகக் கம்ப்யூட்டரில் வரைந்தார். பார்டர் முழுக்க அணில் ஓடும், முந்தியில் ஒன்று திரும்பிப் பார்க்கும். அவள் கல்யாணத்துக்கு அந்தப் புடவைதான் முகூர்த்தப்புடவை. அவள் பத்தாவது படிக்கும்போது ஆரம்பித்தது. அவள் வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகும் வால் சரியில்லை, காது சரியில்லை என்று திருத்திக்கொண்டே இருந்தார்.

வரன் அமைந்தது. தேதி வைத்தார்கள். தறிக்காரரிடமும் சொல்லி வைத்தாயிற்று. அந்த வாரம்தான் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது.

ஒரு நாள் பூராவும் போராடி ரீஸ்டோர் செய்தேன். ரீஸ்டோர் செய்தால், முன்பு இருந்ததை எல்லாம் கம்ப்யூட்டர் ஒரே ஃபோல்டரில் மூட்டை கட்டி, வாலில் 'ஓல்டு' என்று எழுதி ஓர் ஓரமாக வைத்துவிடும். முதலாளிக்கு வேண்டிய டிசைன்களை மட்டும் நான் அதிலிருந்து வெளியே எடுத்து வைத்தேன். பத்திரம் அதைப் பார்த்ததும் அவர் முகத்தில் வந்த சந்தோஷம் இருக்கிறதே!

"பாத்தியாபா! கம்ப்யூட்டரே 'பழசு'ன்னு பேரு வெச்சிருக்குது. நான் வெச்சா மட்டும் சிரிச்சீங்க."

உள்ளே போய் அணிலைத் திறந்து பார்த்தார். வால் இருந்தது, காது இருந்தது. "இங்கியே இருக்கட்டும். இதான் பத்திரமான எடம்" என்று மூடிவிட்டு, இரண்டு நாள் லீவு போட்டுப் பெண்ணின் நிச்சயத்துக்குக் கண்ணமங்கலம் போனார். அட்டை அடிக்கக் கொடுப்பது திரும்பி வந்த பிறகு என்று ஏற்பாடு.

மறுநாள் டிஸ்க் நிரம்பி, இடத்தின் அளவைக் காட்டும் பட்டை சிவப்பாக நின்றது. டிசைன் சாஃப்ட்வேர் திறக்கவே மாட்டேன் என்கிறது. முதலாளி என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார்.

"இன்னாபா இது பேஜாரு? சாயங்காலத்துக்குள்ள டிசைன் போவணும்."

"எடம் இல்லீங்க. பழைய பேக்கப்பு அடைச்சிகினு இருக்குது."

"பழசுதான? காலி பண்ணு."

"பத்திரம் அண்ணனோட ஃபைலும் அதுல..."

"அவரு எதுதான் பத்து காப்பி வெக்கல? காலி பண்ணுபா, ஜல்தி."

அப்போது போன் அடித்தது. பத்திரம்தான். பின்னால் நாதஸ்வரம் கேட்டது.

"கம்ப்யூட்டரு எப்டிபா இருக்குது?"

"ஓடிகினு இருக்குதுணா. நிச்சயம் ஆச்சா? எடம் எப்டி?"

"நல்ல எடம்பா. ரொம்ப நல்ல எடம்." நாதஸ்வரச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தினார். "பழசெல்லாம் பத்திரமா இருக்குது இல்ல?"

முதலாளி என் தோளைத் தட்டினார்.

"இருக்குதுணா" என்றேன்.

இரண்டு நிமிஷத்தில் இரண்டாவது போன் வந்தது. விஷயம் அதில்தான் வரும் என்று தெரியும். எடுக்கவில்லை. சத்தத்தை அமுக்கிப் போனைக் கவிழ்த்து வைத்தேன். அந்த 'ஓல்டு' ஃபோல்டரில் அணில் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை என்று பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். பொய். தோன்றியது. பத்திரத்திடமா இன்னொரு காப்பி இல்லாமல் போகும் என்று நினைத்தேன். முதலாளி பின்னால் நிற்கும்போது எழுந்து ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச எனக்குத் துப்பில்லை, அதுவும் உண்மை.

கம்ப்யூட்டர் என்னிடம் இரண்டு முறை கேட்டது, நிச்சயமாகவா என்று. அதற்கு இருந்த நிதானம்கூட எனக்கு இல்லை. இரண்டு முறையும் ஆமாம் என்றேன். சிவப்புப் பட்டை நீலமானது. "அப்பாடா, இப்பதான் மெஷினு மாதிரி ஓடுது" என்று முதலாளி முதுகில் தட்டிக் கொடுத்தார். எனக்கு அப்போது பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே வெறுப்பு வருகிறது.

திங்கட்கிழமை பத்திரம் லட்டோடு வந்தார். ஆளுக்கு இரண்டு பொட்டலம். உட்கார்ந்து கம்ப்யூட்டரைத் திறந்தார். தேடினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி தேடினார். நான் கையில் லட்டோடு பின்னால் நின்று நடந்ததைச் சொன்னேன். போனைக் கவிழ்த்து வைத்ததையும் சொன்னேன். மௌஸைத் தள்ளி வைத்தார்.

"எவ்ளோ எடம் கெடச்சிதுபா?"

"நூத்தம்பது ஜிபிணா."

"பரவால்ல" என்றார். "நல்ல எடம்தான்."

திட்டியிருக்கலாம். அந்த லட்டை என் மூஞ்சியில் அடித்திருக்கலாம். அழிந்ததை மீட்கும் சாஃப்ட்வேர் ஒன்றை சிடியில் வாங்கி வந்து போட்டுப் பார்த்தேன். ஃபைல்களின் பெயர் எல்லாம் வரிசையாக வந்தது. 'அணில்', 'அணில் பழசு', 'அணில் பாப்பாவுது'. எதைத் திறந்தாலும் உள்ளே ஒன்றும் இல்லை. வேலூரில் ஒரு கடையில் எடுத்துத் தருவார்கள், ஹார்ட் டிஸ்க்கைக் கொண்டுபோகட்டுமா என்று முதலாளியிடம் கேட்டேன். "டிஸ்க்கு வெளிய போனா டிசைனு வெளிய போயிடும்" என்றார். பிறகு, "எங்க கம்ப்யூட்டர்ல வரைஞ்சது எங்க டிசைன்தான? அவருக்கு இன்னாத்துக்கு வருத்தம்?" என்றார். நான் என் நாற்காலிக்கே திரும்பிவிட்டேன்.

"நாள் இருக்குதுணா, திருப்பி வரைங்க. நானும் கூட உக்கார்றேன்" என்று பத்திரத்திடம் கெஞ்சினேன். முத்திரைத்தாளுக்கே ஜெராக்ஸ் எடுத்தவர் தலையை ஆட்டி மறுத்துவிட்டார்.

"வேணாம்பா. திருப்பி வரைஞ்சா அது ஜெராக்ஸு."

முகூர்த்தத்தன்று அந்தப் பெண் கட்டியிருந்தது மூக்கில்லாத மயில். முதலாளியின் அன்பளிப்பு. அதுவும் அவள் அப்பா வரைந்ததுதான், ஆனால் ஊருக்கெல்லாம் வரைந்தது. நான் வரிசையில் தலை குனிந்து போய்க் கவரைக் கொடுத்தேன். பத்திரம் என் கையைப் பிடித்துப் பெண்ணிடம் சொன்னார், "இவர்தாம்மா நம்ம கம்ப்யூட்டர சரி பண்ணவரு." அவள் கை கூப்பினாள். பந்தியில் உட்காராமல் வந்துவிட்டேன்.

ஆறு மாதத்தில் பத்திரம் வேலையை விட்டார். கண் சரியில்லை என்று காரணம் சொன்னார். இப்போது பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். யார் ஒன்று கேட்டாலும் இரண்டு எடுத்துக் கொடுக்கிறார், இரண்டாவதற்குக் காசு வாங்குவதில்லை. என் வீட்டு பீரோவில் என் ஆதார் ஜெராக்ஸ் மட்டும் நாற்பதுக்கு மேல் இருக்கும். "இத எல்லாம் தூக்கிப் போட்டா ஒரு தட்டு காலியாகும்" என்கிறாள் மனைவி. நான் போடவில்லை.

இப்போதும் போன் செய்வார். வெயில், பஸ், பேரன் பல் முளைத்த கதை. வைத்துவிடுவார். நான் எங்கேயும் நகராமல், போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு இரண்டு நிமிஷம் நிற்பேன். மணி ஒருமுறை அடிப்பதற்குள் எடுத்துவிடுவேன்.

"இன்னாணா?"

"ஒண்ணும் இல்லபா, மொத போன் வந்திச்சான்னு கேட்டேன்."

"வந்திச்சிணா."

"சரிபா. பத்திரமா இரு."