கோழிகள் செத்துக்கொண்டிருந்த காலம்

ஒரு பாஷை அரைகுறையாகத் தெரிந்தவன், அது அறவே தெரியாதவனைவிட ஆபத்தானவன் என்று எங்கள் வீட்டில் அடிக்கடி பேசிக்கொள்வார்கள். என்னைப் பார்த்துத்தான் பேசுகிறார்கள். பேசிவிட்டுப் போகட்டும். நான் செய்தது தப்பு என்று இன்றுவரை ஒப்புக்கொண்டதில்லை.

சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் இருக்கும். ராயபுரத்தில் காதர் பாயிடம் வேலை பார்த்தேன். துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்குக் கோழி, முட்டை, காய்கறி கொடுப்பது அவர் வியாபாரம். எனக்கு ஸ்பானிஷ் தெரியும் என்று சொல்லித்தான் வேலைக்குச் சேர்ந்தேன். (பழைய புத்தகக் கடையில் ஒரு ஸ்பானிஷ் இலக்கணம் வாங்கியிருந்தேன். முன்னும் பின்னும் கரையான் தின்றுவிட்டது. மிஞ்சிய பக்கங்களில் இருந்தது ஒரே ஒரு இறந்தகாலம்.)

அது முடிவடையாத இறந்தகாலம். ‘செத்தான்’ என்று அதில் சொல்ல முடியாது, ‘செத்துக்கொண்டிருந்தான்’தான். பள்ளிக்கூடத்தில் என் ‘வந்துகினு’வுக்கும் ‘போய்கினு’வுக்கும் தமிழய்யா பிரம்படி கொடுத்திருக்கிறார். ஸ்பெயின்காரனே ‘கினு’ போட்டுப் பேசுகிறானே, எனக்கென்ன! அந்த ஒரு காலமே ஆயுசுக்கும் போதும் என்று முடிவு செய்தேன்.

தென் அமெரிக்கக் கப்பல் ஒன்று வந்தது. கேப்டன் அறுபது கோழி கேட்டிருந்தார், உயிரோடு. அவருக்குப் பிடித்துப்போனால் கப்பல் கிளம்பும்வரை எல்லாச் சரக்கும் நாங்கள்தான் கொடுப்போம். சித்திரை வெயிலில் கைவண்டி துறைமுகம் போய்ச் சேர்வதற்குள் இரண்டு கோழிகள் வேறிடம் போய்ச் சேர்ந்தன.

“ரெண்டு கொறயுது. அவனாண்ட நீயே சொல்லு” என்றார் பாய்.

கோழிக் கூடைகளைக் கப்பலில் ஏற்றியதும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கேப்டன் முன்னால் போனேன். “லாஸ் கய்யினாஸ் மோரியான்!” என்றேன். ‘கோழி செத்துப்போச்சு’ என்று அர்த்தம். (என் கணக்கில்.)

கேப்டன் முகம் மாறியது. “மோரியான்?”

“சீ, சீ!” என்றேன். (அந்த ஊரில் ‘சீ’ என்றால் ‘ஆமாம்’.)

வெயிலில் வாயைப் பிளந்து, தலை தொங்கிக் கிடந்த மீதிக் கோழிகளைப் பார்த்தார். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஏதோ கத்தினார். நாலு மாலுமிகள் ஓடி வந்து கூடைகளைக் கீழே இறக்கினார்கள். எங்களையும் சேர்த்துத்தான்.

“இன்னாடா சொன்ன?” என்றார் பாய்.

“கோயி செத்துச்சுன்னேன் பாய்.”

“ரெண்டு கோயி செத்ததுக்கு எதுக்குடா மூக்கப் பொத்திக்கிறான்?”

இங்கிலீஷ் தெரிந்த ஒரு மாலுமிதான் விளக்கினான். ‘கோழிகள் செத்துக்கொண்டே இருந்தன’ என்று நான் சொல்லியிருக்கிறேன். கொள்ளைநோய்க் கோழிகளைக் கப்பலில் ஏற்ற வந்திருக்கிறோம் என்று கேப்டன் நினைத்துவிட்டாராம். சரக்கு கொடுக்கும் வேலை வேறொருவருக்குப் போய்விட்டது.

“தப்புன்னு சொல்லுடா, பேமானி!”

“எதுக்கு பாய் சொல்லணும்? ஒண்ணு கல்மண்டபத்துல செத்துச்சு. இன்னொண்ணு ஆர்பர் கேட்டாண்ட செத்துச்சு. அப்போ செத்துகினுதானே இருந்துச்சு?”

பாய் செருப்பைக் கழற்றினார். வேலை போயிற்று. (இது மட்டும் முடிவடைந்த இறந்தகாலம்.)

இன்றும் எங்கள் வீட்டில் சாவுச் செய்தி சொல்ல என்னை விடுவதில்லை. போன மாதம் எதிர்வீட்டுக்காரர் காலமானார். அவருடைய சொந்தக்காரர்களுக்குத் தகவல் சொல்லலாம் என்று போனை எடுத்தேன். என் மகள் வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

“நீ கம்முனு இரு நைனா. அவரு ஒரே தபாதான் செத்தாரு.”