பாசி சாரின் மூன்றாவது தொட்டி

உலகத்தில் புகை வீணாகிறதே என்று வயிறெரிந்த ஒரே மனிதர் எங்கள் பாசி சார்தான். எழுபதுகளின் கடைசியில், சித்தூரிலிருந்து பாகாலா போகும் வழியில் ஒரு சர்க்கரை மில்லில் அவர் கெமிஸ்ட், நான் ஆபீஸ் கிளார்க். எவன் பீடி பற்றவைத்தாலும் எங்கிருந்தோ ஓடிவருவார். கையில் பச்சை நிறத் தண்ணீர் பாட்டில், அதற்குள் ஒரு ரப்பர் குழாய்.

“பொகையை ஏம்பா காத்துல உடறே? இதுல ஊது. என் பசங்க பட்டினியா கீறாங்க.”

பசங்க என்றால் பாசி. பாய்லர் புகையைக் குழாய் வைத்து இழுத்து, மூன்று சிமெண்டுத் தொட்டிகளில் பாசி வளர்த்தார். புகையிலுள்ள கரியமில வாயுவைத் தின்று பாசி கொழுக்கும், அதைக் காயவைத்துப் பிழிந்தால் எண்ணெய் வரும், அதில் லாரியே ஓட்டலாம் என்பது அவர் கட்சி. பெட்ரோல் விலை எகிறிய காலம் என்பதால் மேனேஜரும் பொறுத்துக்கொண்டார். ஒரு வருஷம் பிழிந்ததில் ஒரு விளக்குக்கு எண்ணெய் வந்தது. ஏற்றினோம். ஆபீஸ் முழுக்கக் கருவாட்டு நாற்றம்.

மேனேஜர் ஒரு முடிவுக்கு வந்தார். ஹைதராபாத்திலிருந்து பெரிய ஆபீசர் வருகிறார். அவர் சரி என்றால் தொட்டிகள் இருக்கும், இல்லாவிட்டால் அன்றைக்கே கடப்பாரை. பாசி சார் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

இந்த இடத்தில்தான் நான் வருகிறேன். ஆபீசர் வருகிறார் என்றால் எந்த மில்லிலும் என்ன செய்வார்கள்? சுவருக்கு வெள்ளை, கல்லுக்குக் காவி. நானும் கடமை தவறாமல், தொட்டிகளையெல்லாம் கழுவிவிடும்படி மேஸ்திரி முனுசாமிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். என் மனதில் இருந்தது குடிதண்ணீர்த் தொட்டிகள். பாசி நினைவுக்கே வரவில்லை.

காலையில் பாசி சார் வந்தபோது அவருடைய இரண்டு தொட்டிகள் பிளீச்சிங் பவுடரால் தேய்க்கப்பட்டு, நல்ல தண்ணீரோடு பளபளத்தன. மேஸ்திரி மூன்றாவதில் கால் வைக்கப் போனார். சார் செருப்போடு அதற்குள் குதித்து, இடுப்பளவு பச்சைத் தண்ணீரில் கையை விரித்து நின்றுகொண்டார்.

“ஏறி வா சார். ஜீப்பு வந்துக்கினு கீது” என்றார் மேஸ்திரி.

“மொதல்ல அந்தப் பவுடர் டப்பாவைத் தூக்கிக்கினு போ.”

ஜீப் வந்தேவிட்டது. ஆபீசர் தொட்டிக்குள் நின்ற கெமிஸ்டைப் பார்த்து, “ஏமய்யா இதி?” என்றார், என்னய்யா இது என்று தெலுங்கில். மேனேஜர் முகம் கறுத்தது.

“ரெண்டு தொட்டியைக் கழுவச் சொன்னது எவன்?”

நான் மெல்ல ஓரடி பின்வாங்கினேன். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. மேஸ்திரியின் கை, என் சீட்டு இருந்த சட்டைப்பைக்குப் போனது.

“நான்தான் சார் சொன்னேன்” என்றார் பாசி சார். “பாசி இல்லாத தொட்டியும் வேணுமில்ல? அப்பதானே வித்தியாசம் தெரியும்.”

சொல்லியாகிவிட்டது, இனி வித்தியாசத்தைக் காட்ட வேண்டுமே. மேஸ்திரியின் வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பு வாங்கிக் கரைத்து, வடிகட்டி, இரண்டு பாட்டிலில் ஊற்றச் சொன்னார். கரியமில வாயு பட்டால் அந்தத் தெளிந்த நீர் பாலாக வெளுக்கும். வெறும் தண்ணீர்த் தொட்டியில் குமிழியிட்டு வந்த புகையைப் புனலால் பிடித்து முதல் பாட்டிலுக்குள் விட்டோம். உடனே வெளுத்தது.

இரண்டாவது பாட்டில் என் கையில். பாசித் தொட்டியின் குமிழிகள்மேல் சார் புனலைக் கவிழ்த்துப் பிடித்தார். ஆபீசருக்கு டீ வந்தது. பாட்டில் தெளிவாகவே இருந்தது. பாதி டீ போனது. அப்போதும் தெளிவு. கிளாஸைக் கீழே வைத்தபோதுதான் லேசாக மங்கத் தொடங்கியது.

“சரே, உண்டனீயண்டி” என்றார் ஆபீசர். இருக்கட்டும் என்கிறார். மேனேஜர் கடப்பாரைக்காரர்களைப் போகச் சொன்னார்.

சாயங்காலம் போனேன். சார் இடுப்புவரை பச்சையோடு, மற்ற இரண்டு தொட்டிகளுக்கும் விதையாக மிச்சமிருந்த பாசியை வாளியில் மொண்டுகொண்டிருந்தார்.

“சார், அந்தச் சீட்டு...”

“உன் கோழிக்கிறுக்கல் எனக்குத் தெரியாதா? வாளியைப் பிடி.”

அன்றைக்கு நாலு வார்த்தை திட்டியிருந்தால் நானும் இத்தனை வருஷத்தில் அவரை மறந்திருப்பேன். பாவி மனுஷன், கடைசிவரை திட்டவே இல்லை.