துரைக்கு நான் சொன்ன கவிதை

கூட்டத்தோடு நின்று கத்துவதற்கு எனக்குப் பயமே கிடையாது. தனியாக ஒரு துரையின் முன்னால் நிற்கச் சொன்னால்தான் கால் ஆடும். இதை இப்போது ஒப்புக்கொள்வதால் எனக்கு நட்டமில்லை. போகவேண்டிய மானமெல்லாம் அன்றைக்கே போய்விட்டது.

கொழும்புக் கடையொன்றில் வேலை பார்த்த காலம். அங்கே நடந்த ஆர்ப்பாட்டத்தில் இரண்டு நாள் கோஷம் போட்டுவிட்டு (பின்வரிசையில்தான்) ருவான்வெல்லைப் பக்கத்து எங்கள் ரப்பர் தோட்டத்தில் புரட்சியாளனாக வந்து இறங்கினேன். வந்த வேகத்தில் ஓர் இலவசக் கலைவிழாவுக்கு ஏற்பாடு செய்தேன். 'எதிர்ப்பு, கவிதை, மாற்றம்: அனைவரும் வருக' என்று பதாகையும் கட்டியாயிற்று.

எங்கள் தோட்டத்தில் திருவிழா என்றாலும் கிரிக்கெட் என்றாலும் பிரதம அதிதி தோட்டத்தை நிர்வகிக்கும் துரைதான். மண்டபத்துச் சாவி அவருடைய கந்தோர் மேசையில் இருக்கிறது. பழக்க தோஷத்தில் எதிர்ப்புக் கூட்டத்துக்கும் அவரையே அழைத்துவிட்டேன். (யாரை எதிர்க்கிறோமோ அவருக்கே மாலை. இப்படியொரு புரட்சி வேறெங்கும் நடந்திருக்காது.)

கவிதை வாசிக்க இருந்தவள் என் அக்கா லெச்சுமி. ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள். வேலை நேரத்தில் தன் இரண்டு வயது மகளை அவள் விட்டுவிட்டுப் போகும் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவின் கூரை ஒழுகியது. மழை பெய்தால் பிள்ளைகள் ஒரு மூலையில் ஒண்டிக்கொள்ளும். மகளுக்கு நெஞ்சுச் சளி விட்டபாடில்லை. அந்தக் கூரைக்காகத்தான் மூன்று நாள் உட்கார்ந்து எழுதினாள்.

துரை மாலையோடு முன்வரிசையில் அமர்ந்தார். அவருக்குச் சிங்களம்தான், தமிழ் வராது. மொழிபெயர்க்க என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். அக்கா ஒலிவாங்கியைப் பிடித்தாள்.

"ரப்பர் மரம் நனையாம பொலித்தீன் கட்டுனீங்க,
எம்புள்ள தலைக்கு மேல ஓட்டைத் தகரம் போட்டீங்க.
மரமாப் பொறந்திருந்தா அவ நனைஞ்சிருக்க மாட்டா."

மண்டபம் அதிர்ந்தது. எனக்கே உடம்பு சிலிர்த்தது. துரை என் பக்கம் திரும்பி, என்ன சொல்கிறாள் என்று கேட்டார். "மொகத கியன்னே?"

கொழும்பில் கத்திய கோஷத்தில் ஒன்றாவது கைகொடுக்குமா என்று பார்த்தேன். வரவில்லை. கைத்தட்டல் ஓய்ந்த அந்த நேரம் பார்த்து, "தோட்டம் மரங்களைப் பார்த்துக்கொள்வது மாதிரியே பிள்ளைகளையும் பார்த்துக்கொள்கிறதாம். ரொம்ப நன்றி என்கிறாள் சேர்" என்று சிங்களத்தில் சொன்னேன்.

எங்கள் பக்கத்தில் சாமியாடி குறி சொன்னாலும் பாதி சிங்களத்தில்தான் வரும். நான் சொன்னது அத்தனை பேருக்கும் புரிந்துவிட்டது. "அடப்பாவி, கூடப் பொறந்தவனாடா நீ?" என்று பின்னாலிருந்து ஒரு பெரியம்மா கத்தினார்.

துரை நெகிழ்ந்துபோய் எழுந்தார். காம்பராவுக்கென்று புதுத் தகரம் வந்திருக்கிறதாம். தாய்மாரே திருப்தியாக இருப்பதால், அதை ரப்பர் ஷீட் காயவைக்கும் புகைக்கூடத்துக்குப் போட்டுவிடலாம் என்று அறிவித்தார். அக்கா ஓடிவந்து, தான் சொன்னது அதுவல்ல என்று நல்ல சிங்களத்திலேயே சொன்னாள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கடிதமாக எழுதித் தரச்சொன்னார். தம்பி நன்றாக எழுதுவாரே என்று என் தோளில் தட்டிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

வீட்டுக்கு நடக்கும்போது அக்கா கேட்டாள். "நீ பேசாம இருந்திருந்தா நானே சொல்லியிருப்பேன்டா. எனக்கு வாய் இல்லையா?"

கடிதம் நான்கு எழுதினேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. புகைக்கூடம் புதுத் தகரத்தோடு இருக்கிறது.

அந்த மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். அம்மா திட்டினால் என்னிடம் ஓடிவந்து, "மாமா, அம்மா என்னா சொல்றாங்க?" என்பாள். "நீ ரொம்ப நல்ல புள்ளன்னு சொல்றாங்க" என்று நான் சொல்லவேண்டும். வீடே விழுந்து விழுந்து சிரிக்கும். அக்காவும் சிரிப்பாள். சிரித்துவிட்டு, அடுத்துப் பிறந்த இளையவனைத் துண்டில் சுற்றிக்கொண்டு அதே காம்பராவுக்கு நடப்பாள். மழை இருட்டிக்கொண்டு வரும் நாட்களில் என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடிவதில்லை.