சித்தியிடம் ஒன்ஸ்மோர் கேட்ட நாள்

வெளியூரில் கற்ற வித்தையை யாரும் முதன்முதலாகச் சொந்த ஊரில் போய்க் காட்டக் கூடாது. ஊர்க்காரர்கள்கூடப் பெருந்தன்மையாக விட்டுவிடுவார்கள். சொந்தக்காரர்கள் விட மாட்டார்கள். நான் காட்டினேன். அதுவும் தலையில் தொப்பி, கழுத்தில் விசில், கையில் கிளாப் பலகை சகிதமாகப் போய்க் காட்டினேன்.

அப்போது நான் சென்னையில் ஒரு தொலைக்காட்சித் தொடரில் உதவி இயக்குநர். (உதவி இயக்குநர்களிலேயே கடைசி. டீ வந்துவிட்டதா என்று பார்ப்பதும், வந்த டீ ஆறிவிட்டதா என்று பார்ப்பதும் என் பொறுப்பு.) எண்பதுகளைத் திரும்பிப் பார்க்கும் தொடர் அது. வாரம் ஒரு சங்கதி. ஒரு வாரம் பெல்பாட்டம், ஒரு வாரம் டேப் ரிக்கார்டர், ஒரு வாரம் அந்தக் காலத்துத் தலைமுடி. எண்பதுகள் முடிந்த பிறகு பிறந்தவள் நான். அந்தப் பத்தாண்டைப் பற்றி எனக்கு எதுவுமே தெரியாது என்பது என் தன்னம்பிக்கையைக் கொஞ்சமும் பாதிக்கவில்லை.

வீடியோ டெக்கைப் பற்றி ஒரு வாரம் எடுக்கலாம் என்று டைரக்டர் சொன்னபோது, யாரும் கேட்காமலே எழுந்து நின்றேன். தேனி மாவட்டத்திலேயே முதன்முதலில் டெக் வாங்கியவர் என் சித்தப்பாதான் என்றேன். அந்தக் காலத்தில் தேனி மாவட்டமே கிடையாது, எல்லாம் மதுரை மாவட்டம்தான் என்று பின்னால் ஒருவர் முணுமுணுத்தார். அதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஆனால் சித்தப்பா கதை நிஜம். முத்துக்காமு சித்தப்பா, அப்பாவின் தம்பி. போடியில் எலக்ட்ரிக் கடை வைத்திருக்கிறார். இளவட்டமாக இருந்தபோது டிவியையும் டெக்கையும் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். மலைமேல் ஏலக்காய்த் தோட்டங்களில் வேலை பார்க்கிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை படம் பார்க்க ஆளுக்குக் கொஞ்சம் போட்டு அவரைக் கூப்பிடுவார்கள். டெக்கைக் கம்பளியில் சுற்றி, கைப்பிள்ளை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு, போடிமெட்டு வளைவுகளில் ஜீப்பில் ஏறிப் போவாராம். அந்த ஜீப் தங்கராசு மாமாவுடையது. ஜீப் கேட்கப் போன வீட்டில்தான் மாமாவின் தங்கச்சி ராசாத்தியைப் பார்த்தார். அவர்தான் எங்கள் சித்தி.

டைரக்டருக்குக் கதை பிடித்துப்போயிற்று. அதே மலை, அதே ஜீப், அதே டெக், அதே சித்தப்பா. தோட்டத்து ஆட்களை உட்கார வைத்து அந்த நாளை அப்படியே திரும்ப எடுப்பது என்று முடிவானது. ஒரே ஒரு சிக்கல். டெக்கில் என்ன படத்தை ஓட்டுவது? எந்தப் படத்தைக் காட்டினாலும் உரிமை வாங்க வேண்டும், நம்மிடம் அதற்கு வழியில்லை என்றார்.

அங்கேதான் என் மூளை வேலை செய்தது. (அது வேலை செய்யாத நாட்களில் எனக்குக் கெடுதல் எதுவும் நடந்ததில்லை.) சித்தப்பா கல்யாணக் கேசட்டை ஓட்டலாம் என்றேன். எங்கள் குடும்பத்திலேயே முதன்முதலாக வீடியோ எடுத்த கல்யாணம் அது. சித்தப்பாவிடம் போனில் சொன்னதும் கேசட்டைத் துடைத்து வைப்பதாகத் துள்ளிக் குதித்தார். சித்தியிடம் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சித்தி பேசாமல் இருந்தால் என்ன அர்த்தம் என்று எங்கள் வீட்டில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரிந்துதான் இருந்தது, தொப்பி வாங்குகிறவரைக்கும்.

ஷூட்டிங் அன்று காலையில் மலையேறினோம். எங்களை இறக்கிவிட்டு யூனிட் வேன் அடுத்த லொக்கேஷன் பார்க்கப் போய்விட்டது. தங்கராசு மாமாவின் ஜீப்பில் சித்தப்பா, சித்தி, டிவி, டெக், அத்தனை பேருக்குமான சாப்பாடு. ஆட்டுக்கறிக் குழம்பும் சோறும் சித்தி விடியலிலேயே எழுந்து ஆக்கியது. ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோரில்தான் படப்பிடிப்பு. ஜன்னல்களுக்குச் சாக்கைக் கட்டி இருட்டாக்கினோம். தோட்டத்து ஆட்கள் மூட்டைகளின் மேலும் தரையிலும் உட்கார்ந்தார்கள். சித்தியையும் கூட்டத்தோடு உட்காரச் சொன்னேன். டைரக்டர் கேமரா பக்கம் நிற்க, நான் கண்டினியூட்டி, ஃபீல், ஆம்பியன்ஸ் என்று ஆட்களிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். தண்ணி எப்பத்தா குடுப்பீக என்று ஒரு அம்மா கேட்டார்.

சித்தப்பா டெக்கைத் திறந்து ஊதினார், துடைத்தார், மூடித் தட்டினார். திரையில் கோடு கோடாக ஓடி, கடைசியில் கல்யாணம் வந்தது. கூட்டம் சிரிக்க ஆரம்பித்தது. எல்லோருடைய காதையும் முடி மூடியிருந்தது. தங்கராசு மாமாவின் சட்டைக் காலர் தோள்வரைக்கும் கிடந்தது. கேமராமேன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். இன்னும் ரெண்டு வருசத்தில் நானே டைரக்டர் என்று அந்த நிமிசத்தில் கணக்குப் போட்டேன்.

அப்போது திரையில் முகூர்த்த நேரம். திடீரென்று படம் இருண்டது. வீடியோ லைட் போயிருக்கிறது. இருட்டுக்குள் சித்தப்பாவின் இளவயசுக் குரல், வயர் லூஸ், நான் பார்க்கிறேன் என்றது. கொஞ்ச நேரத்தில் மினுக்மினுக்கென்று வெளிச்சம் வந்தபோது மணவறையில் சித்தி மட்டும் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்து மணை காலி. ஐயர் நேரம் போகிறது, நேரம் போகிறது என்று கத்துகிறார். கெட்டிமேளக்காரர் ஆரம்பித்து நிறுத்துகிறார், திரும்ப ஆரம்பித்து நிறுத்துகிறார். மாப்பிள்ளை வேட்டியில் கையைத் துடைத்தபடி ஓடிவந்து, கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தாலி கட்டினார். படத்தில் விழுந்தது அவர் முதுகு மட்டும்தான்.

ஸ்டோரே சிரிப்பில் அதிர்ந்தது. எல்லோரையும்விடச் சித்தப்பாதான் அதிகமாகச் சிரித்தார். தான் மட்டும் எழுந்து போயிருக்காவிட்டால் படமே வந்திருக்காது என்று கூட்டத்தைப் பார்த்துப் பெருமையாகச் சொன்னார்.

மூட்டைப் பக்கமிருந்து சித்தியின் குரல் வந்தது.

"படம் வந்துச்சு. அதுல நான் எங்க வந்தேன்?"

சிரிப்பு நின்றது. சித்தி எழுந்திருக்கவில்லை, சத்தம் கூட்டவில்லை. திரையைப் பார்த்தபடியே பேசினார்.

"மாப்ளைக்குப் பொண்ணப் பிடிக்கலயோ, எந்திரிச்சுப் போயிட்டாரேன்னு எங்கப்பா அந்த ஓரமா கையப் பிசைஞ்சுக்கிட்டு நின்னாரு. சாகுறவரைக்கும் அதச் சொல்லிச் சொல்லி மாஞ்சாரு. வயர மாட்டத் தெரிஞ்சுச்சு. அவருகிட்டப் போயி ஒரு வார்த்த சொல்லணும்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல."

சித்தப்பா டெக்கின் மேல் வைத்த கையை எடுக்கவில்லை. சித்தி கண்ணைத் துடைக்க முந்தானையை எடுத்தார். மனுசப் பிறவியாக இருந்தால் அந்த இடத்தில் ஒருத்தி என்ன செய்வாள்? பக்கத்தில் போய் உட்காருவாள். ஒன்றும் தோன்றாவிட்டால் வாயை மூடிக்கொண்டாவது நிற்பாள். நான் குறுக்கே பாய்ந்தேன்.

"சித்தி, சூப்பர். முகத்துல லைட் விழல. கண்ணத் தொடைச்சிராதீங்க. அதே ஃபீலிங்கோட இன்னொரு தடவ. ஒன்ஸ்மோர்."

சித்தி முந்தானையைக் கீழே விட்டார். என்னைப் பார்த்தார். பிறகு சித்தப்பாவைப் பார்த்தார். திரும்ப என்னைப் பார்த்தார்.

"பாண்டி, ஒரே ரத்தம்தான்டி ரெண்டு பேருக்கும்," என்றார். சேலையில் ஒட்டியிருந்த சாக்குத் தூசியைத் தட்டிவிட்டு எழுந்தார். "அண்ணே, வண்டிய எடு."

மாமா ஜீப்பை எடுத்துவிட்டார். சித்தப்பா பின்னாலேயே ஓடி முதல் வளைவு வரைக்கும் போய், மூச்சு வாங்கத் திரும்பி வந்தார். வண்டிச் சத்தம் அடங்கிய பிறகுதான் புரொடக்‌ஷன் மேனேஜர் மெதுவாகக் கேட்டார், சாப்பாடு எங்கே என்று.

சாப்பாடு ஜீப்பில் போய்க்கொண்டிருந்தது. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். தொப்பியைக் கழற்றினேன்.

தோட்டத்து சூப்பர்வைசர் கேரளப் பக்கத்துக்காரர். அவருடைய புண்ணியத்தில் அவித்த கப்பைக் கிழங்கும் (நம் மரவள்ளிதான்), காந்தாரி மிளகாய் அரைத்த சம்மந்தித் துவையலும், பால் விடாத கட்டன் சாயாவும் கிடைத்தன. சென்னைக்காரர்கள் அந்த மிளகாயைக் கடித்துவிட்டுக் கண்ணில் நீர் வழிய என்னை முறைத்தார்கள். எனக்கும் வழிந்தது, மிளகாயைத் தொடாமலே. "மோளே, கரயண்டா," என்று, அழாதே மகளே என்பதை மலையாளத்தில் சொல்லி, சூப்பர்வைசர் என் பக்கத்தில் ஒரு கிளாசை வைத்துவிட்டுப் போனார். என்னிடம் யாரும் ஒன்ஸ்மோர் கேட்கவில்லை.

டைரக்டர் கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. சித்தி பேசியது தொடருக்கே உயிர், ஆனால் அவர் சம்மதம் இல்லாமல் அதைத் தொட மாட்டேன் என்றார். சம்மதம் கிடைக்காவிட்டால் நீ சென்னைக்கு அவசரப்பட்டு வர வேண்டாம் என்றும் சொன்னார்.

சாயங்காலம் கூலி ஆட்களின் ஜீப்பில் பின்னால் தொற்றிக்கொண்டு இறங்கி, நேரே சித்தி வீட்டுக்குப் போனேன். கறிக்குழம்பு தெருவுக்கே பந்தி வைக்கப்பட்டிருந்தது. சித்தி அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து தேங்காய் நாரை எடுத்து மூடியைத் தேய்க்க ஆரம்பித்தேன். மன்னிப்புக் கேட்டேன். வேலை போய்விடும் என்பதை முதலில் சொல்லவில்லை. (இரண்டாவதாகச் சொன்னேன்.) தான் பேசியது படத்தில் விழுந்திருக்கிறதா என்று அவர் கேட்டார். குரல் விழுந்திருக்கிறது, முகம் விழவில்லை என்றேன். அண்டாவைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

"குரலு போதும். மூஞ்சியத்தான் தெனமும் பாக்குறாரே. பேச்சத்தான் கேக்கல."

ஒளிபரப்பான அன்று குடும்பமே சித்தி வீட்டில் கூடியது. இருட்டு ஸ்டோர், கல்யாணக் கேசட், காலி மணை, சித்தியின் குரல். சித்தப்பா நாற்காலியின் கையைப் பிடித்தபடி பார்த்தார். நடுவில் கேபிளில் கோடு விழுந்தது. வயரைப் பார்க்கப் பாதி எழுந்தவர், சித்தி திரும்பிப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கோடு கோடாகவே முழுவதும் பார்த்தோம். சித்தி பேசி முடித்த பிறகு டைரக்டர் வெட்டியிருப்பார் என்றுதான் நினைத்திருந்தேன். வெட்டவில்லை. சூப்பர் சித்தி, கண்ணைத் துடைச்சிராதீங்க, ஒன்ஸ்மோர் என்று என் குரல் கணீரென்று ஒலித்தது. முதலில் சிரித்தது சித்திதான்.

சித்தப்பா அதற்கப்புறம் சித்தியிடம் என்ன சொன்னார், எப்போது சொன்னார் என்று எங்களுக்குத் தெரியாது. மறுவாரம் இரண்டு பேரும் பஸ் ஏறி, சித்தியின் அப்பாவைப் புதைத்த இடத்துக்குப் போய் மாலை போட்டுவிட்டு வந்தார்கள்.

நான் அந்தத் தொடரோடு சினிமாக் கனவை மூட்டை கட்டிவிட்டுப் போடியிலேயே பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். ஆனால் சென்னையில் என்னை மறந்துவிட்டார்களே தவிர, குடும்பம் மறக்கவில்லை. எங்கள் வீடுகளில் பிள்ளை விழுந்து அழுதாலும், மருமகள் கோபித்துக்கொண்டு போனாலும், ஐஸ் பெட்டியில் கிடப்பவரைக் கட்டிக்கொண்டு யாராவது கதறினாலும்கூட, ஏதோ ஒரு மூலையிலிருந்து கண்கள் என் பக்கம் திரும்பும்.

என் கல்யாணத்தில் தாலி கட்டும் நேரம். மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டுவிட்டார். கெட்டிமேளத்தின் நடுவே, என் பின்னால் விளக்குப் பிடித்து நின்ற சித்தி குனிந்து என் காதில் கேட்பதாக நினைத்துக்கொண்டு, முன்னால் இருந்த ஐயரின் மைக்கில் கேட்டார்.

"பாண்டி, லைட்டு சரியா விழுந்துச்சா? இல்ல இன்னொரு தடவ கட்டச் சொல்லவா?"

மண்டபமே சிரித்தது. பாவம், அந்த மனுசனுக்கு ஒன்றும் தெரியாது. நிஜமாகவே முடிச்சை அவிழ்க்கப் போனார்.